சேசிஸ் வேலைக்கு எந்த ஸ்டாண்டு? – கேள்வி பதில்

கேள்வி: பிக்கப் வண்டி ஒன்றின் பாடியைக் கழற்றிவிட்டு, சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) துருநீக்கிப் பெயின்ட் அடிக்கப் போகிறேன். அதைத் தூக்கி நிறுத்த 3 டன் ஜாக் ஸ்டாண்டு போதுமா, 6 டன் வாங்க வேண்டுமா?

பதில்: எடையை மட்டும் பார்த்தால் 3 டன் ஸ்டாண்டே தாராளம். எஞ்சினும் அச்சுகளும் கழன்ற வெறும் சேசிஸ் சில நூறு கிலோவுக்குள் அடங்கிவிடும். இருந்தும் 6 டன் ஸ்டாண்டையே நான் பரிந்துரைப்பேன்; அதன் வலுவுக்காக அல்ல, அகன்ற அடிப்பாகத்துக்காகவும் கூடுதல் உயரத்துக்காகவும். மேலும், அட்டையில் எழுதியிருக்கும் டன் கணக்கு பெரும்பாலும் ஒரு ஜோடிக்கு உரியது. அதுவும் பாரம் ஸ்டாண்டுத் தலையின் நடுவில் நேர்க்குத்தாக இறங்கும்போது மட்டுமே பொருந்தும். பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினால் ஸ்டாண்டு சாயும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. சேசிஸ் வேலையில் நாம் ஓயாமல் செய்வதோ பக்கவாட்டில் இழுப்பதும் தள்ளுவதும்தான்.

ஒருமுறை பின் ஸ்பிரிங் பிராக்கெட்டில் துருவேறிய போல்ட் ஒன்றை, ஸ்பேனரில் நான்கடிக் குழாயை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் கீழே பார்த்தபோது, ஸ்டாண்டின் ஒரு கால் தரையைவிட்டு ஒரு தாள் நுழையும் அளவுக்கு எழும்பி நின்றது. அன்றிலிருந்து இறுகிய போல்ட்டுகளையெல்லாம் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே ஒரு சுற்றாவது தளர்த்திவிட்டுத்தான் தூக்குகிறேன்.

கேள்வி: பல் வைத்த ராட்சட் ஸ்டாண்டு நல்லதா, துளையில் இரும்புப் பின் (ஊசி) செருகி உயரத்தை நிறுத்துவது நல்லதா?

பதில்: அடிக்கடி உயரத்தை மாற்றுபவருக்கு ராட்சட் வசதி, சேசிஸை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவருக்குப் பின் செருகும் வகை போதும். ராட்சட்டில் பாரம் முழுவதும் பற்களுக்கு இடையே விழும் ஒரு சிறு கொக்கியில் நிற்கிறது. 2020-ல் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைப் பெருமளவில் திரும்பப் பெற்றதற்குக் காரணம், அந்தக் கொக்கி சிலவற்றில் பல்லுக்குள் போதிய ஆழம் இறங்காததுதான். ராட்சட் வாங்கினால், கொக்கி விழுந்தபின் குறுக்கே ஒரு பாதுகாப்புப் பின்னும் செருகக்கூடியதாக வாங்குங்கள். எதுவானாலும், பாரத்தை இறக்கியதும் வண்டிக்கு அடியில் நுழையாமல், வெளியே நின்றபடி ஒருமுறை கையால் அழுத்தி அசைத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் ஹாலோ பிளாக் நிறையக் கிடக்கிறது. மேலே பலகை போட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது. கான்கிரீட் கல் சுவரில் பரவலாக இறங்கும் சுமையைத்தான் தாங்கும். சேசிஸின் விளிம்பு ஒரே புள்ளியில் அழுத்தினால், முன்னறிவிப்பு எதுவும் இன்றி நொறுங்கிவிடும். பலகை அந்த அழுத்தத்தைச் சற்றே பரப்பும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் மரக்கட்டையும் ஆகாதா?

பதில்: மரம் வேறு சாதி. அது நசுங்கும், முனகும், நார் நாராகப் பிளக்கும். உடையும் முன் நமக்குச் சொல்லிவிட்டுத்தான் உடையும். நான்கு அங்குலச் சதுரக் கட்டைகளை அடுக்குக்கு இரண்டாக, மாற்றி மாற்றிக் குறுக்கே அடுக்குங்கள். ஒவ்வொரு கட்டையின் முனையும் கீழ்க்கட்டையைத் தாண்டி நான்கு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். முனையோடு முனை வைத்தால் ஓரம் பிளந்துகொள்ளும். மீட்புப் பணியாளர்கள் அடி அகலத்தைப்போல மூன்று மடங்கு உயரம்வரை அடுக்குவதுண்டு. ஸ்பேனர் போட்டு இழுக்கும் வேலைக்கு நான் ஒன்றரை மடங்கைத் தாண்டுவதில்லை. வெல்டிங் செய்யும் இடத்தில் மட்டும் மரத்தைத் தவிருங்கள். தீப்பொறி கட்டைகளின் இடுக்கில் விழுந்து, நீங்கள் வீட்டுக்குப் போனபின் புகையத் தொடங்கும்.

கேள்வி: எனக்கு வெல்டிங் தெரியும். சதுரக் குழாயில் நானே ஸ்டாண்டு செய்ய எண்ணுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வெறும் சேசிஸுக்கு 50 மி.மீ. சதுரம், 3 மி.மீ. தடிப்புள்ள இரும்புக் குழாய் போதும். குழாய் நசுங்கி விழுந்த வீட்டு ஸ்டாண்டை நான் பார்த்ததில்லை; மடங்கிச் சாய்ந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். கால்களை வெளிநோக்கி விரித்து, அடியில் நான்கையும் சட்டத்தால் பிணைத்து, இரு திசைகளிலும் சாய்வுத் தாங்கல் கொடுங்கள். தலைத்தகடு குழாயின் வாய்மீது நேரே உட்கார வேண்டும். குழாயின் பக்கத்தில் ஒட்டிய துண்டின்மீது உட்கார்ந்தால், முழுப் பாரத்தையும் வெல்டிங் மட்டுமே சுமக்கும். தகட்டின் இருபுறமும் 50 மி.மீ. உயரக் காதுகள் வைத்து, நடுவில் தடித்த ரப்பர் போடுங்கள். இரும்பின்மேல் இரும்பு வழுக்கும். உருளும் சக்கரம் வேண்டாம். இடம் மாற்ற வேண்டுமானால் நால்வரைக் கூப்பிட்டுத் தூக்குங்கள்.

கேள்வி: ஐந்து நிமிட வேலைக்கு ஜாக்கி மட்டும் போதாதா?

பதில்: போதாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் ஒரு சீல் கசிந்தாலே ஹைட்ராலிக் ஜாக்கி இறங்கிவிடும்.

கேள்வி: துருப்பிடித்த குறுக்குச் சட்டத்தை வெட்டி மாற்றப் போகிறேன். ஸ்டாண்டுகளை எங்கே வைப்பது?

பதில்: வெட்டுமிடத்தின் இருபுறமும் தனித்தனி முட்டு இருக்க வேண்டும், நான்கு மூலைகளில் மட்டும் வைத்தால் நடுப்பகுதி தொங்கி, அந்தத் தொங்கலோடு புதுச் சட்டம் ஒட்டிக்கொள்ளும். முதலில் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்து இரு நீளச் சட்டங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, தேவையான இடத்தில் ஸ்டாண்டுக்கு அடியில் இரும்புத் தகடு செருகுங்கள். தார்த்தரை வெயிலில் இளகிக் கால்கள் புதையும். அங்கே காலுக்கடியில் 18 மி.மீ. ஒட்டுப்பலகையாவது வேண்டும். பின்பு இரு சட்டங்களிலும் ஏற்கெனவே உள்ள ஒத்த துளைகளுக்கிடையே மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். வெட்டும் முன் தற்காலிகக் குறுக்குக் கம்பியைப் பொட்டு வெல்டிங்கில் (ஆங்காங்கே சிறு புள்ளிகளாக மட்டும் ஒட்டுவது) பிடித்து, புதுச் சட்டத்தையும் முதலில் பொட்டுகளாக மட்டும் ஒட்டி, மீண்டும் அளந்து, இடமும் வலமும் மாறி மாறிச் சிறு துண்டுகளாக முடியுங்கள். இரும்பு முழுதும் ஆறிய பிறகே கடைசி அளவை எடுங்கள். சூட்டில் சரியாகக் காட்டிய மூலை அளவு ஆறும்போது சுருங்கி மாறியிருக்கும்.