காற்றில் படுத்த மக்காச்சோளம்: கலப்பையை வெளியே எடுக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் பக்கம் 80 ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். முந்தாநாள் ராத்திரி இடிமழையோடு அடித்த காற்றில் முக்கால்வாசிப் பயிர் கிழக்கே பார்த்துப் படுத்துவிட்டது. இன்னும் ஆண்பூ வரவில்லை, 14 இலை இருக்கும். சில இடங்களில் தட்டை ஒடிந்தே போயிருக்கிறது. தகரக் குதிர் ஒன்று பிய்ந்து, துண்டு துண்டாக வயலில் கிடக்கிறது. உழுதுவிட்டு சோயா போடலாமா? இல்லை, 30 மாடுகளுக்கு வெட்டிப் போட்டுவிடலாமா?

பதில்: உழ வேண்டாம். வெட்டவும் வேண்டாம். ஒரு வாரம் பொறுங்கள். ஜூலையில் விதைக்கிற சோயா உங்கள் ஊர் உறைபனிக்கு முன்னால் முற்றாது, விதைச் செலவுதான் மிஞ்சும்.

முதலில் காப்பீட்டு முகவருக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தைப் பார்த்த 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும், உங்களுக்கு நாளையோடு கெடு முடிகிறது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ஒப்புக்கொள்கிற வரை ஒரு செடியையும் அழிக்கக் கூடாது. அவசரப்பட்டு உழுதவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயிர் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது சுழல்காற்று இல்லை, இடிமேகத்திலிருந்து இறங்கி நேராக அடித்த காற்று. சுழல்காற்று போன இடத்தில் தட்டைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். இந்த நேர்காற்றின் பெரிய வகைக்கு ‘டெரேச்சோ’ என்று 1888-ல் பெயர் வைத்ததே உங்கள் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் குஸ்தாவஸ் ஹின்ரிக்ஸ்தான்.

இப்போது ஒரு மண்வெட்டியோடு வயலில் இறங்குங்கள். படுத்த செடியில் தட்டை முழுதாக இருந்து, வேர் மட்டும் ஒரு பக்கம் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தால் அது பிழைக்கும். இந்த வயதில் தட்டை இன்னும் இளசு. இரண்டு மூன்று நாளில் நுனி மேல்நோக்கி வளைய ஆரம்பித்து, ஒரு வாரத்தில் கொக்கின் கழுத்து மாதிரி நிமிர்ந்து நிற்கும். நீங்கள் கையால் தூக்கி நிறுத்தப் போகாதீர்கள், மிச்ச வேரும் அறுந்துவிடும். எழுப்பிவிடுகிறேன் என்று யாராவது மருந்து விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் 1980-களில், மண்ணை ஊற நனைத்துவிட்டு வேண்டுமென்றே செடிகளைச் சாய்த்துப் பார்த்தார்கள். 10 முதல் 12 இலைப் பருவத்தில் சாய்த்தால் மகசூல் 2 முதல் 6 சதவீதம் குறைந்தது. உங்கள் 14 இலைக்கு 5 முதல் 15 சதவீதம். பூக்கிற சமயத்தில் சாய்ந்தால்தான் 13 முதல் 31 வரை போகிறது. கையால் அறுத்த கணக்கு இது, இயந்திரம் தவறவிடுகிற கதிரை இதன் மேல் கூட்டிக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 10-ல் அடித்த டெரேச்சோவில் அயோவா பயிர் எழாமல் போனதற்கும் பருவம்தான் காரணம். அப்போது கதிரில் மணி பிடித்துத் தட்டை முற்றியிருந்தது, வளைந்து எழத் தெம்பில்லை.

தோண்டும்போது வேரையும் பாருங்கள். நுனி கடிபட்டுக் குட்டையாக இருந்தால் வேர்ப்புழு வேலை, காற்று மேல் மட்டும் பழி போட முடியாது. அந்த வயலில் அடுத்த வருஷம் சோளத்துக்குப் பதில் சோயா போடுங்கள்.

ஒடிந்த தட்டை வேறு விஷயம். சரசரவென்று வளர்கிற நாட்களில் தட்டை கணுவில் சடக்கென்று முறியும். கதிர் வரும் இடத்துக்குக் கீழே முறிந்த செடி போனதுதான், திரும்ப வராது. எத்தனை போச்சு என்று எண்ணிவிடலாம். வரிசை இடைவெளி 30 அங்குலம் என்றால், ஒரு வரிசையில் 17 அடி 5 அங்குலம் அளந்து, அதில் உயிரோடு இருக்கிற செடிகளை எண்ணி 1000-ஆல் பெருக்குங்கள். ஏக்கருக்கு அத்தனை செடி. 25 வந்தால் 25,000. பத்து இடத்திலாவது எண்ணுங்கள், ரோட்டோரத்தில் நின்று மட்டும் எண்ணாதீர்கள்.

மாட்டுத் தீவனத்துக்கு வருகிறேன். மதிப்பீட்டாளர் கைவிட்ட பகுதியை சைலேஜாக, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனமாகப் போடலாம், ஆனால் பச்சையாக வெட்டி அப்படியே போடாதீர்கள். இலை கிழிந்து, வளர்ச்சி நின்ற செடியின் அடித்தட்டையில் நைட்ரேட் சேரும். அளவு மீறினால் மாட்டுக்கு மூச்சு வாங்கும், ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும். அடியில் ஒரு அடி விட்டு வெட்டுங்கள். இளம்பயிரில் தண்ணீர் அதிகம். ஈரம் 70 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை வாட்டிக் குழியில் போட்டு, மூன்று நான்கு வாரம் புளிக்க விட்டு, நைட்ரேட் பரிசோதனை செய்த பிறகே மாட்டுக்கு வையுங்கள்.

அதற்கும் முன்னால் அந்தத் தகரம். பெரிய துண்டை எவரும் பொறுக்கிவிடுவார்கள், வில்லங்கம் போல்ட்டிலும் ஆணியிலும்தான். தீவனத்தோடு விழுங்கிய ஆணி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அங்கிருந்து இதயம் வரை குத்தும். குதிர் பறந்த திசையில் பயிர் வரிசைக்கு ஒரு ஆளாக நடந்து பொறுக்குங்கள். அந்தப் பக்கத்துச் சோளத்தை மாட்டுக்கு வெட்டவே வேண்டாம் என்பேன். கால்நடை மருத்துவரிடம் சொன்னால் மாடு விழுங்குகிற காந்தம் தருவார். இரைப்பையிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 30 மாட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அறுந்த மின்கம்பி எங்காவது கிடந்தால் பக்கத்திலேயே போகாமல் மின் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

அறுவடைக்கு இயந்திரத்தைச் செடி சாய்ந்த திசைக்கு எதிராக, மெதுவாக ஓட்டுங்கள். உங்கள் வரிசை வடக்கு தெற்காக இருந்தால் அது முடியாது, ஒரு பக்கமாக மட்டும் அறுத்துப் பார்த்து எது குறைவாகச் சிந்துகிறதோ அதையே தொடருங்கள்.