எந்தப் பண்பாட்டில் அது வசையில்லை?

கேள்வி: என் மகன் தமிழகத்தில் பெண் எடுத்தவன். மருமகள் முதன்முறையாக ஊருக்கு வந்திருந்தபோது, அவளுடைய சமையலை மெச்சி, "கெட்டிக்காரப் பெட்டை" என்று உறவினர் முன்னிலையில் சொன்னேன். முகம் கறுத்து எழுந்து போய்விட்டாள். அடுத்த கிழமை, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பது பற்றிய கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், "தோட்டக்காட்டாருக்கு முதல் தண்ணி விட்டால் எங்கட வயல் என்னாகிறது?" என்று கேட்டேன். குத்தகைக் காணி செய்யும் மலையகக் குடும்பத்து இளைஞர் ஒருவர் எழுந்து, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இரண்டிலும் எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் பக்கத்தில் காலங்காலமாகப் புழங்கும் சொற்கள் இவை. ஓரிடத்தில் வசையாக இருப்பது இன்னோரிடத்தில் வசையில்லை என்பது படித்தவர்களே ஒப்புக்கொண்ட விடயம்தானே? நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

– வாசகர் ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: ஒரே கடிதத்தில் இரண்டு சம்பவங்களை எழுதி, இரண்டுக்கும் ஒரே விடையை எதிர்பார்க்கிறீர்கள். முதலாவதற்கு நீங்கள் விரும்பும் விடையைப் பெரும்பாலும் தந்துவிடலாம். இரண்டாவதற்கு அது பொருந்தாது.

வன்னியில் "பெட்டை" என்றால் பெண்பிள்ளை, அவ்வளவுதான். "பொடியள் பெட்டையள் எல்லாரும் பொங்கலுக்குப் போட்டினம்" என்று ஓர் ஆச்சி சொன்னால் யாரும் குறை காண்பதில்லை. தமிழகத்தின் பெரும்பகுதியில் அச்சொல் கோழிக்கும் நாய்க்கும் உரியது. பெண்ணொருத்தியைச் சுட்டினால் இழிவுரை. இலக்கண மரபும் அவர்கள் பக்கமே நிற்கிறது: தொல்காப்பியத்தின் மரபியல் பெட்டை என்ற பெயரைக் குதிரை, கழுதை, ஒட்டகம் முதலியவற்றுக்கும் பறவைகளுக்கும் கொடுக்கிறதே ஒழிய, மருமகள்மாருக்குக் கொடுக்கவில்லை. தலைமயிர் வெட்டிவிட்டு வருகிறேன் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதைச் சென்னையில் சொன்னால், கேட்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கே "முடி" என்பதுதான் நாகரிகம். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுத்தோம் என்று நாம் பத்தியக் கறியைப் பற்றிச் சொன்னால், அவர்கள் காதில் அது சாராயக்கடைச் சங்கதியாக விழும். ஆகவே உங்கள் மருமகள் கோபித்ததிலும் பிழையில்லை, நீங்கள் சொன்னதிலும் வஞ்சகமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: நம்மூரிலும் மணமாகி வந்த மருமகளை மாமனார் நாலு பேர் முன் "பிள்ளை" என்று சொல்வதுதான் அழகு.

தூரம் கூடக் கூட இந்த வேறுபாடு இன்னும் விசித்திரமாகிறது. நம் கிழவிமார் வாய்க்கு வாய் சொல்லும் "கோதாரி" என்பது ஒரு காலத்தில் ஊரையே வாரிக்கொண்டு போன வாந்திபேதி. "கோதாரியிலை போவான்" என்பது உண்மையில் கொடிய சாபம். ஆனால் நோயின் நினைவு மங்கிவிட்டதால், இன்று உந்துருளி உதைத்து இயங்காவிட்டாலும் அதைத்தான் சொல்கிறோம். நெதர்லாந்துக்காரரும் நோய்களின் பெயரால்தான் திட்டுவார்கள். வாந்திபேதி, காசநோய், தைபொயிட்டுக் காய்ச்சல் எல்லாம் அவர்களுடைய வசைப்பட்டியலில் உண்டு. அவற்றுள் புற்றுநோயைச் சொல்லித் திட்டுவது, அந்த நோய் இன்னும் வீட்டுக்கு வீடு ஆளை எடுத்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, அங்கே பலரால் பொறுக்க முடியாததாகக் கருதப்படுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கதை வேறு. அங்கே பிரெஞ்சு பேசுவோரின் மிகக் கடுமையான வசைகள் நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், நற்கருணை அப்பம் ஆகியவற்றின் பெயர்களே. 1960கள் வரை பள்ளிக்கூடம், வைத்தியசாலை, குடும்ப வாழ்வு எல்லாவற்றையும் திருச்சபையே கைக்குள் வைத்திருந்த மண்ணில், கோபம் வந்தவன் கை வைத்த இடமும் பீடத்துப் பொருள்களாகவே இருந்தது. அதே வசையைப் பிரான்சிலிருந்து போனவர் கேட்டால் சிரிப்பார். மொன்றியலில் குடியேறிய நம்மவர் அதை வேலையிடத்தில் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து மடுமாதா திருவிழாவில் சத்தமாகச் சொன்னாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இதுவரை உங்களுக்குச் சாதகமாகவே எழுதிவந்திருக்கிறேன். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் சொல்பவரும் கேட்பவரும் வெவ்வேறிடத்தில் வளர்ந்தவர்கள் என்பதையும், ஒருவருடைய சொல் மற்றவர் காதில் எப்படி விழும் என்பதை முதல்முறை கேட்கும்வரை அறிய வழியில்லை என்பதையும் கவனியுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்ற இளைஞருக்கும் உங்களுக்கும் நடுவில் அப்படி என்ன கடல் கிடக்கிறது? அவரும் "தண்ணி" என்பதை உங்களைப் போலவே உச்சரிக்கிறார், அதே வாய்க்காலில் மண்வெட்டி பிடிக்கிறார். "எங்கள் பக்கத்தில் காலங்காலமாகப் புழங்கும் சொற்கள்" என்று எழுதும்போது, அந்த "எங்கள்" என்ற சொல்லுக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபித்ததும் அதற்காகத்தானே, ஐயா!

அந்தச் சொல்லின் வரலாற்றை நீங்கள் அறியாதவரல்லர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் கொழும்பும் புதுடில்லியும் செய்துகொண்ட உடன்படிக்கை அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. 1977ஆம் ஆண்டு வன்முறையில் அடிபட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இவ்வளவு காலமும் தெற்கில் அவர்களைக் "கள்ளத்தோணி" என்றார்கள். வடக்கில் நாம் "தோட்டக்காட்டான்" என்றோம். சொல் வெவ்வேறாயினும், நீ இவ்விடத்து ஆள் இல்லை என்ற பொருள் ஒன்றே. உண்மையில் அவர்களுடைய முன்னோர் பலர் இறங்கியது மன்னார்க் கரையில். மலைக்கு நடந்த வழியும் வன்னிக் காடுதான். காய்ச்சலிலும் பேதியிலும் அந்த வழியில் விழுந்து எழும்பாதவர்கள் அநேகர். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி சென்றது. வன்னிக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு நம்மில் பலருடைய காணி உறுதிகளைவிடப் பழையது. (காடு வெட்டிக் கழனி கண்டவர்கள் என்று மேடைக்கு மேடை பெருமை பேசும் நாம், இன்னொருவரைக் காட்டான் என்று சொல்லத் துணிவது தனி வேடிக்கை.)

கெட்ட எண்ணம் இல்லை என்கிறீர்கள். உங்கள் கடிதமே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. களை பிடுங்கவும் அருவி வெட்டவும் ஆள் தேவைப்படும் நாளில், அந்த வீட்டுப் படலையில் நின்று "தோட்டக்காட்டார், நாளைக்கு வேலைக்கு வாறியளோ?" என்று கேட்டிருப்பீர்களா? மாட்டீர்கள். "தம்பி" என்றோ "பிள்ளை" என்றோதான் அழைத்திருப்பீர்கள். தண்ணீரைப் பங்கிடும் நேரத்தில் மட்டும் அந்தச் சொல் வெளியே வந்தது. குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்த அன்று, அவர்களுடைய பங்கைக் கேள்விக்குள்ளாக்குவதற்கு அவர்கள் வந்தேறிகள் என்று நினைவூட்டுவது உதவியாக இருந்தது. சொல்லின் வேலை அங்கே அதுவாகத்தான் இருந்தது. ஒரு சொல் வசையா இல்லையா என்று ஐயம் வந்தால், அகராதியைப் புரட்டுவதைவிட, அதை எவருடைய முகத்துக்கு நேரே எந்த நேரத்தில் சொல்லக் கூசுகிறோம் என்று பார்ப்பது பயன் தரும்.

இன்னும் ஐயம் இருந்தால் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். "கொட்டியா" என்பது சிங்கள அகராதியில் ஒரு விலங்கின், அதாவது புலியின், பெயர். போர்க்காலத்தில் சோதனைச் சாவடி வரிசையில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற நம் பிள்ளைகளை நோக்கி அந்தச் சொல் வீசப்பட்டபோது, அது விலங்கியல் பாடமாக நம் காதில் விழவில்லை. சொன்ன சிப்பாய், "எங்கள் ஊரில் இது சாதாரண சொல்" என்று விளக்கியிருந்தால் நீங்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பீர்களா? சொன்னவன் அர்த்தம் சொல்லட்டும், கேட்டவன் வாய் மூடட்டும் என்ற ஏற்பாட்டை நாம் ஏற்காதபோது, நமக்குப் பக்கத்து வளவில் இருப்பவர் மட்டும் ஏற்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

ஆகவே, மருமகளுக்கு மகன் மூலமாக விளக்கம் சொல்லியனுப்புங்கள். விளங்கியதும் சிரித்துவிடுவாள், அடுத்த வருகையில் உங்களைக் கேலி செய்யவும் அதையே வைத்துக்கொள்வாள். இளைஞரிடம் விளக்கம் எடுபடாது. அவர் கேட்டதைச் செய்யுங்கள். அதைத் தனியே வீட்டுக்குப் போய்ச் செய்யாமல், சொல் விழுந்த அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னிலையில் செய்யுங்கள். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்க வேண்டாம். எவருடைய மனம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வசனம் போதும். அது முடிந்த பிறகு தண்ணீர்க் கதையைத் தொடருங்கள். கடைமடையில் உங்கள் பயிர் வாடும் என்ற பயம் நியாயமானதாக இருந்தால், வாய்க்காலின் நீளத்தையும் விதைத்த ஏக்கரையும் முறை வைக்கும் நாள்களையும் காட்டி வாதாடுங்கள். அந்த வாதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த இளைஞரே இருந்தாலும், அவர் உங்களுக்குக் கணக்கில் பதில் சொல்வார்.

– ஆசிரியர்