பின்லாந்தைவிட கொலம்பியா உங்களுக்குப் பக்கம்

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். நான் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. அஞ்சு வகுப்புக்கு நாங்க ரெண்டே பேர். போன வாரம் டிரெயினிங்ல பின்லாந்து பத்தி ஒரு வீடியோ போட்டாங்க. ஏழு வயசுலதான் ஸ்கூலு, பப்ளிக் எக்ஸாம் பயம் இல்ல, இன்ஸ்பெக்‌ஷனே கிடையாதுன்னு. வெளிய வந்தா மறுபடி அதே ரெஜிஸ்டர், அதே ஆப் என்ட்ரி. பக்கத்துப் பள்ளி ஆசிரியருங்க கூடுற சிஆர்சி (குறுவள மையம்) மீட்டிங்கும் மேலேர்ந்து வந்த பயிற்சி மாட்யூலை வாசிச்சு முடிக்கிறதோட சரி. ஒரு நாட்டுல ஜெயிச்ச கல்விச் சீர்திருத்தம் இன்னொரு நாட்டுல நடக்குமா சார்?

பதில்:

வணக்கம் டீச்சர்,

நடக்கும். ஆனா அந்த நாட்டுல அது எந்தப் பிரச்சனைக்காக வந்துச்சோ அந்தப் பிரச்சனை இங்கயும் இருக்கணும், அதை நடத்தப்போற வாத்தியாருக்கும் அதுல ஒரு கை இருக்கணும். இது ரெண்டும் இல்லாம வந்தா பேர் மட்டும்தான் வந்து சேரும்.

பின்லாந்து வீடியோவுல காட்டுறது கடைசிக் கட்டம். அவங்க 1968ல சட்டம் போட்டு, 1972ல வடக்கே லாப்லாந்துல ஆரம்பிச்சு, 1977 வரைக்கும் மெதுவா தெக்க இறங்கி வந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே பொதுப்பள்ளின்னு ஆக்கினாங்க. ஆசிரியர் படிப்பை யுனிவர்சிட்டிக்குள்ள கொண்டுபோய் 1979லேர்ந்து முதுகலைப் பட்டம் வேணும்னாங்க. அந்த ஆரம்ப வருசங்கள்ல பாடத்திட்டம் மேலேர்ந்துதான் வந்துச்சு, இன்ஸ்பெக்டரும் இருந்தாரு. இன்ஸ்பெக்‌ஷனை எடுத்தது 1990கள் தொடக்கத்துலதான். இருபது வருசம் ஆசிரியரை வளர்த்துட்டு அப்புறம் நம்பி விட்டாங்க, நாம அந்த நம்பிக்கையை மட்டும் வீடியோவுல பாத்து ஏங்குறோம். அங்கயும் இப்ப எல்லாம் நல்லா இல்ல, பீசான்னு பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்குப் பல நாட்டுல வைக்கிற தேர்வுல, கணக்குல 2006ல 548 எடுத்தவங்க 2022ல 484.

உங்க கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கொலம்பியாவும் வியட்நாமும். 1970கள் நடுவுல கொலம்பியா கிராமங்கள்ல உங்க ஸ்கூல் மாதிரியேதான், ஒரு வாத்தியார், சில இடத்துல ரெண்டு பேர், அஞ்சு வகுப்பு, அறுவடை சீசன் வந்தா பாதிப் பிள்ளைங்க காட்டுல. அங்க ஆஸ்கர் மொகொயோன்னு ஒரு கிராமத்து வாத்தியார், விக்கி கோல்பெர்ட், பெரில் லெவிங்கர்னு மூணு பேர் சேர்ந்து 'எஸ்குவேலா நுவேவா' (புதிய பள்ளி)ன்னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. பிள்ளை தானே படிச்சுப் போறதுக்கு வழிகாட்டி ஏடு, லீவு போட்டு வந்தா விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம், மாணவர் மன்றம், அப்புறம் 'மைக்ரோசென்ட்ரோ'ன்னு பக்கத்துப் பக்கத்து ஊர் வாத்தியாருங்க கூடி அவங்கவங்க வகுப்புல வந்த சிக்கலைப் பேசுற கூட்டம். ஒவ்வொரு துண்டும் அங்க இருந்த ஒரு கஷ்டத்துக்குப் பதிலா முளைச்சது.

1980கள் கடைசியில அரசாங்கம் இதை நாடு முழுக்க வேகமா விரிச்சாங்க, இருபதாயிரம் ஸ்கூல் வரைக்கும் போச்சு. என்னாச்சு? பல ஸ்கூல்ல போர்டுல எஸ்குவேலா நுவேவான்னு பேர் இருந்துச்சு, உள்ள ஏடு இல்ல, பயிற்சி இல்ல, மன்றம் இல்ல. அதே நாடு, அதே மொழி, டீச்சர்! அதனாலதான் நாடு விட்டு நாடு போறதுதான் சிக்கல்னு சொல்றதை நான் ஏத்துக்கிறதில்ல.

வியட்நாம் இதை 2012ல எடுத்தாங்க. விஎன்இஎன்னு பேரு, வியட்நாம் எஸ்குவேலா நுவேவாங்கிறதோட சுருக்கம், எட்டு கோடி டாலருக்கு மேல வெளிநாட்டு மானியம், 1,447 பள்ளிகள். அந்த வருச பீசாவுல கணக்குல வியட்நாம் 511, கொலம்பியா 376, நம்மளைவிடக் கீழ இருக்கறவங்ககிட்ட என்ன கத்துக்கப் போறோம்னு பெத்தவங்க கேட்டா அது நியாயமான கேள்விதான். ஆனா மார்க்குக்காக அவங்க அதை எடுக்கல, பிள்ளைங்க வாயைத் திறந்து பேசணும், சேர்ந்து யோசிக்கணும்னுதான் எடுத்தாங்க. அந்த ஆசை தப்பே இல்ல. ஆனா பல்வகுப்புக் கிராமப் பள்ளிக்குப் பொறந்த முறையை நாப்பது பிள்ளைங்க நெருக்கி உக்காந்திருக்கிற வகுப்புலயும் வச்சாங்க. குரூப்பா உக்காந்ததுல பாதிப் பேருக்கு போர்டைப் பாக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்துச்சு, வாத்தியார் பாடமே நடத்தறதில்லன்னு பெத்தவங்க கொதிச்சாங்க, 2016ல சில மாகாணங்கள்ல பெரிய எதிர்ப்பு, கடைசியில அமைச்சகம் விருப்பப்பட்ட பள்ளி மட்டும் தொடரலாம்னு சொல்லிடுச்சு. எனக்கு இதுல வருத்தம் என்னன்னா, பொருத்தமான மலைக்கிராமப் பள்ளிகளுக்கும் சேர்த்துக் கெட்ட பேர் வந்துச்சு.

நம்ம ஏபிஎல்லும், அதான் செயல்வழிக் கற்றலும், இப்படித்தானே டீச்சர். ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான, பிள்ளை தானே எடுத்துப் படிக்கிற பாட அட்டையும் அடுத்தது எந்த அட்டைன்னு காட்டுற ஏணிப்படியும் 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-08ல மாநிலம் முழுக்கப் போச்சு. எங்க அதை டீச்சர் தன்னோடதா எடுத்துக்கிட்டாங்களோ அங்க பிள்ளைங்க ஓடிப்போய் அட்டை எடுத்தாங்க, எங்க அது சர்க்குலரா மட்டும் வந்துச்சோ அங்க அட்டை பீரோவுக்குள்ள போச்சு.

அதனால பின்லாந்தை விடுங்க. ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்புன்னா உங்களுக்கு வேண்டியது அந்தக் கொலம்பியா வாத்தியாருங்க கண்டுபிடிச்சதுலதான் இருக்கு, அதுலயும் முதல்ல மைக்ரோசென்ட்ரோ. அதுக்கு மானியமும் வேண்டாம், ஆர்டரும் வேண்டாம். அடுத்த சிஆர்சி-யில மாட்யூல் முடிஞ்சதும் உங்களை மாதிரி ஈராசிரியர் பள்ளியில இருக்கிற நாலு பேரை மட்டும் அரைமணி நேரம் உக்கார வச்சு, ஒண்ணாவதுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும்போது நாலாவதும் அஞ்சாவதும் என்ன பண்ணுதுன்னு ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க.