போர் தண்ணீரில் பல் துலக்கினால் கறை பிடிக்குமா? ஆர்.ஓ. தண்ணீரில்தான் துலக்க வேண்டுமா?

தண்ணியில ஃப்ளோரைடுங்கிற தாது அதிகமா இருந்தா பல்லுல பழுப்புக் கறை விழும்; துலக்குறதால அந்தக் கறை வராது. குடிக்கிறதாலயும் அதே தண்ணியில பொங்கிச் சாப்பிடுறதாலயும்தான் வரும். அதுவும் பல் தாடைக்குள்ள உருவாகிக்கிட்டு இருக்கிற சின்ன வயசுல மட்டும்.

நீங்க பாளையங்கோட்டைக்கு வெளிய புதுசா ஏதாவது ஒரு நகர்ல வாடகைக்கு வந்திருப்பீங்க. ஆத்துத்தண்ணி நாள் விட்டு நாள் வரும், மத்ததுக்கெல்லாம் போர்தான். வாஷ்பேசின் குழாய் வாயில வெள்ளையா உப்பு கட்டியிருக்கும், வீட்டுல ஒரு சின்னப் பிள்ளையும் இருக்கும். இல்லன்னா ஆர்.ஓ. தண்ணியில பல் துலக்கணுமான்னு யாரும் யோசிக்க மாட்டாங்க.

நான் டாக்டர் இல்ல, அங்கன்வாடியில வேலை பாக்கிறவ. "பல் டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதை இங்க ஏன் எழுதுற"ன்னு யாராவது வரலாம். கேட்க வேண்டிய எல்லார்கிட்டயும் கேட்டு, பட்டு, அதுக்கப்புறம்தான் எழுதுறேன்.

திருநெல்வேலிப் பக்கம் மானூருக்கு வடக்க ஒரு மானாவாரி ஊர் எங்களுது. ஆறு கிடையாது, குளம் மழையை நம்பி. குடிக்க, பொங்க, குளிக்க எல்லாத்துக்கும் ஒரே கிணறு, பின்னால ஒரு கை பம்பு. தண்ணி கண்ணாடியா இருக்கும், உப்புக்கூட கரிக்காது. எனக்குப் பால் பல் எல்லாம் வெள்ளையாத்தான் இருந்துச்சு. அது விழுந்து முளைச்ச முன்பல் ரெண்டுலயும் ஒரே உயரத்துல குறுக்க பழுப்புக் கோடு. கோட்டுக்கு மேல சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு. எங்க அம்மைக்கு ஒண்ணும் புரியல. "பால் பல்லு நல்லாத்தானட்டி இருந்துச்சு, இப்ப ஒழுங்கா வெளக்க மாட்டுக்கியா?"ன்னு உமிக்கரியையும் உப்பையும் சேர்த்து அவளே விரலால தேய்ச்சு விடுவா. ஈறுல ரத்தம் வரும், கோடு அப்படியே இருக்கும்.

பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் காலையில வரிசையா நிக்க வச்சு நகம், பல்லு பார்ப்பாங்க. என் முறை வரும்போதெல்லாம் "ஏட்டி, பல்லு வெளக்கிட்டு வரக்கூடாதா?"ன்னு எல்லார் முன்னாலயும் ஒரே கேள்வி. வெளக்கிட்டுத்தான் டீச்சர் வந்தேன்னு சொன்னா எதிர்த்துப் பேசுறேன்னு ஒரு அடி. அதே வரிசையில பாதிப் பிள்ளைகளுக்கு அதே கோடு இருந்துச்சு. ஒரு ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் எப்படி ஒரே மாதிரி பல்லு வெளக்காம இருக்கும்னு ஒருத்தரும் கேட்கல.

அப்புறம் பொண்ணு பார்க்க வந்தவங்க. மாப்பிள்ளையோட அம்மா எங்க ஆச்சியைத் தனியா கூப்பிட்டு, "பிள்ள பொகையிலை போடுமோ?"ன்னு கேட்டாங்க. புகையிலை போடுறது எங்க ஆச்சி! அவளுக்கு வெத்தலைச் செவப்புதான் உண்டே தவிர அந்தக் கோடு கிடையாது. ஏன்னா ஆச்சி பிறந்து வளர்ந்தது சேரன்மகாதேவி, தாமிரபரணி ஆத்துத்தண்ணி குடிச்சு வளர்ந்தவ. கல்யாணமாகித்தான் எங்க ஊருக்கு வந்தா. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் எங்க கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சா, அதுலதான் வாய் கொப்புளிச்சா. பல்லுல ஒண்ணும் ஆகல. விஷயம் முழுக்க இதுல இருக்கு, ஆனா அது எனக்கு விளங்குறதுக்கு ரொம்பக் காலமாச்சு.

டவுன்ல ஒரு கிளினிக்ல "கிளீன் பண்ணினா போயிரும்"னு சொன்னாங்க. பல்லைச் சுரண்டினாங்க, கூச்சம் வந்ததுதான் மிச்சம். மறுபடி வரச் சொல்லி மறுபடியும் காசு. கடைசியில அரசு ஆஸ்பத்திரியில ஒரு பெண் டாக்டர் பல்லைப் பார்த்துட்டு, "சின்ன வயசுல எந்த ஊர் தண்ணிம்மா குடிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. துலக்குனியான்னு கேட்காத முதல் ஆள் அவங்கதான். எனக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு.

அவங்க சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். பாறைக்குள்ள இருந்து நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு கரைஞ்சு வரும். ருசி, நிறம், வாடை எதுலயும் தெரியாது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது, வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும். அதுக்கு மேல போற தண்ணியை, எனாமல்ங்கிற பல்லோட வெளி ஓடு உருவாகிற வயசுல பிள்ளை தினமும் குடிச்சா அந்தக் கறை எனாமலுக்கு உள்ளேயே அமைஞ்சிரும். முன்பல்லுக்குப் பிறந்ததுலருந்து நாலஞ்சு வயசு வரைக்கும் முக்கியம். கடைவாய்ப் பல்லையும் சேர்த்தா எட்டு வயசு வரைக்கும். ரெண்டு முன்பல்லும் ஒரே நேரத்துல உருவாகுறதாலதான் கோடும் ஒரே உயரத்துல வருது. உள்ள இருக்கிற கறையைச் சுரண்டி எடுக்க முடியாது. லேசா இருந்தா மேல் அடுக்கை மருந்து வச்சு மெல்ல உரசி மங்க வைக்கலாம், ரொம்ப இருந்தா பல்லு மேல வெனீர்ங்கிற மெல்லிய தகடுதான் ஒட்டணும்.

பெரியவங்களுக்குப் பல்லுல புதுசா கறை வராதுன்னுதான் சொல்றேன், குடிக்கலாம்னு சொல்லல. ஃப்ளோரைடு ரொம்ப மிஞ்சின தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சா எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களைக் கேட்டா சொல்வாங்க, அந்தக் கஷ்டத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்துச்சு.

"பேஸ்ட்லயே ஃப்ளோரைடு இருக்கே"ன்னு ஒருத்தர் கட்டாயம் வருவார். இருக்கு, பல் சொத்தையாகாம இருக்க அது வேணும். ஆனா பேஸ்ட்டைத் துப்புறோம், தண்ணியை விழுங்குறோம். மூணு வயசுக்குள்ள பிள்ளைக்கு அரிசி மணி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு வச்சு, துப்புதான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

உப்புத்தண்ணி கதை வேற. குழாயில கட்டுற உப்பு பல்லுலயும் கட்டும்னு பயப்படாதீங்க. குழாயில தண்ணி காய்ஞ்சு உப்பு நிக்குது, வாய் காயுறதில்ல. பல்லுல கட்டுற காரை, துலக்காம விட்ட அழுக்கு எச்சில்ல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து இறுகுறது. இந்த மாதிரிக் கடினத்தண்ணியில நுரை குறையலாம். நுரையா பல்லைச் சுத்தம் பண்ணுது? பிரஷ்ஷும் பேஸ்ட்டும் பண்ணுது. நுரைக்காகப் பேஸ்ட்டை அள்ளி வைக்காதீங்க. இரும்புச்சத்து உள்ள தண்ணின்னா கறை பல்லுக்கு மேலாப்புல படியும், அது சுத்தம் பண்ணினா போயிரும்.

கொதிக்க வச்சா சரியாகும்னு எங்க அங்கன்வாடிக்கு வர்ற தாய்மார் எல்லாரும் சொல்றாங்க. கிருமிக்குச் சரி. 2023 டிசம்பர் வெள்ளத்துல கிணறும் தொட்டியும் அழுக்குத்தண்ணியில முங்குனப்போ பல் துலக்கக்கூட ஆற வச்ச தண்ணிதான் குடுத்தோம். ஆனா ஃப்ளோரைடு கொதிச்சா போகாது. தண்ணி சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். சோறும் பருப்பும் அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் வேகுது, குழந்தைக்குக் கலக்குற பால்பவுடரும் அப்படித்தான். அதனால கேன் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ, குடிக்க மட்டும் வச்சுக்கிட்டுச் சமையலுக்குப் போர் தண்ணியை ஊத்துனா பாதி வேலைதான். பிள்ளைக்கு டீ பழக்காதீங்க, தேயிலையிலயும் ஃப்ளோரைடு உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒண்ணு, ஆனா சொல்லாம இருக்க முடியல. பொதிகையில பிறந்து புன்னைக்காயல்ல கடல் சேர்ற தாமிரபரணி, வற்றாத ஆறு, நம்மகிட்ட இருக்கு. பாபநாசத்துல பரிகாரம்னு சொல்லி உடுத்தின துணியை அதுல அவிழ்த்து விட்டுட்டுப் போறாங்க. டவுனுக்கு வந்தா சாக்கடை கலக்குது. பக்கத்துல இப்படி ஒரு ஆறு ஓடியும் எங்க ஊருக்கு ஆத்துத்தண்ணி குழாய் வந்தது நான் பிள்ளை பெத்ததுக்கு அப்புறம். என் மகளுக்குக் கோடு இல்ல.

உங்க வீட்டுக்கு: குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கு, கட்டணம் கட்டினா பார்த்துக் குடுப்பாங்க. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல, போரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு, ஒரு லிட்டர் பிடிச்சுட்டுப் போங்க. ரிப்போர்ட்ல உப்பு எவ்வளவுன்னு தேடுறதுக்கு முன்னால ஃப்ளோரைடு வரியைப் பாருங்க. 1க்குள்ள இருந்தா இந்தக் கறைப் பயம் வேண்டாம். 1ஐத் தாண்டினா முடிஞ்ச வரைக்கும், 1.5ஐத் தாண்டினா கட்டாயம், பிள்ளை குடிக்கவும் அதுக்குச் சமைக்கவும் வேற தண்ணி ஏற்பாடு பண்ணுங்க. பல் துலக்க அதே போர் தண்ணி போதும், பிள்ளை விழுங்காம துப்புற வரைக்கும்.