தொழில் தெரியாமல் வீடு பழுதுபார்க்கும் தன்னார்வப் பணிக்குப் போகலாமா?

சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லை, புயலில் சேதமான வீடுகளைச் சரிசெய்யும் குழுவோடு போனால் உதவியாக இருப்பேனா, இடைஞ்சலாக இருப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு நாள் இடைஞ்சல்தான். அதன் பிறகு எப்படி என்பது, கற்றுக்கொடுக்க யார் வாய்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. இரண்டு வாரம் கழித்து நண்பர்கள் ஆறு பேர் போனோம். நான் கணக்கு எழுதுபவன். நிவாரணப் பொருள்களைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். ஓர் ஓட்டு வீட்டின் மேல் தென்னை விழுந்து பாதிக் கூரை நொறுங்கியிருந்தது. உள்ளே ஒரு பாட்டி தார்ப்பாய்க்கு அடியில் சமைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதைக் கடந்த ஆசாரி ஒருவர் கையாள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். தங்கிவிட்டோம்.

என் முதல் தவறு ரீப்பரில். ஓடு மாட்டிக்கொள்வதற்காகக் கூரைச் சரிவைத் தாங்கும் கைமரங்களின் மேல் குறுக்கே அடிக்கும் சட்டம் அது. ஆசாரி ஓர் அடிக்குச் சற்று அதிகமான அளவு ஒன்றைச் சொன்னார். நான் டேப்பை வைத்து, இரண்டு ரீப்பருக்கு நடுவில் அந்த அளவு இடம் விட்டு ஏழு வரிசை அடித்துவிட்டேன். அளக்க வேண்டியதோ ஒரு ரீப்பரின் மேல்விளிம்பிலிருந்து அடுத்ததன் மேல்விளிம்பு வரை! ஒவ்வொரு வரிசையிலும் ரீப்பரின் அகலம் கூடிப்போய், மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் சரியாக ஏறவில்லை. ஆசாரி திட்டவில்லை. இரண்டு ஓட்டை வைத்துக் காட்டிவிட்டு, "எல்லாவற்றையும் பிடுங்குங்கள் தம்பி. ஆணியை வளைக்காமல் பிடுங்குங்கள், மறுபடி வேண்டும்" என்றார். பிறகு ஒரு குச்சியை அளவாக நறுக்கிக் கையில் கொடுத்தார். பைக்குள் போன டேப்பை நான் அப்புறம் எடுக்கவே இல்லை.

ஆணியின் முனையை ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் காய்ந்த மரம் பிளக்காது என்பதையும் அவர்தான் காட்டினார்.

நன்கொடைப் பணத்தில் நாங்கள் பெருமையாக வாங்கிவந்த புது ஓடு பழையதோடு பொருந்தவில்லை. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த ஓடுதான் இரண்டும். ஆனாலும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அளவு ஒரு நூல், இரண்டு நூல் (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மாறும்; பள்ளத்தில் விளிம்பு உட்காராது. கடைக்குப் போகும் முன் பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போயிருக்க வேண்டும். ஆசாரி கொஞ்ச நேரம் யோசித்தார். உடையாத பழைய ஓடுகளையெல்லாம் பொறுக்கித் தெருப்பக்கச் சரிவில் போட்டு, புதியவற்றைக் கொல்லைப்பக்கத்துக்கு ஒதுக்கினார். இரண்டு வகையும் ஒரே வரிசையில் சந்திக்கவே இல்லை. இத்தனை வருடம் கணக்கு எழுதியும் எனக்கு அது தோன்றவில்லை.

நீங்கள் போவதானால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இடிபாடு முழுக்கத் துருப்பிடித்த ஆணிதான். கூரையில் கால் வைத்தால், அடியில் மரம் இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். படம் எடுத்துக்கொள்வதற்காக ஏணியில் ஏறாதீர்கள். எங்கள் குழுவிலேயே அப்படி ஒருவர் ஏறினார், நான்கு ஓடு போயிற்று. தொழில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத குழு என்றால் போகவே வேண்டாம்.

கடைசி நாள் முகட்டு ஓடு பதித்தோம். ஓட்டைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் சாந்தில் வைக்க வேண்டும்; இல்லையென்றால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அவசரத்தில் நான் சிலவற்றை நனைக்காமலே வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

டிசம்பரில் ஒரு மழைக்குப் பிறகு ஆசாரிக்குப் போன் செய்தேன். முகட்டில் ஓரிடத்தில் ஒழுகியதாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"உங்கள் பக்கம்தான் தம்பி. பூசிவிட்டேன்" என்றார்.