மடலின் நுனி கறுத்துவிட்டதே, டாக்டர்?

வாசகர் கேள்விகள் – பிளாஸ்டிக் சர்ஜன் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு உச்சந்தலையில் தோல் புற்றுநோய். கட்டியை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த தலைத்தோலையே திருப்பி வைத்து மூடினார்கள். ஆறாவது நாள் கட்டு பிரித்தபோது அந்த மடலின் நுனி ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. ஆபரேஷன் வீணாகிவிட்டதா? தூக்கத்தில் தலையை அசைத்ததால்தான் இப்படி ஆனது என்று அப்பா தன்னையே நொந்துகொள்கிறார்.

வீணாகவில்லை. நுனி கறுப்பது வேறு, மடல் முழுக்கச் சாவது வேறு. அப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் தலையை அசைத்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போடவே வேண்டாம்.

ஃப்ளாப் என்று நாங்கள் சொல்லும் மடல் ஒரு பக்கம் மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கும். ரத்தம் அந்த அடிப்பக்கம் வழியாகத்தான் உள்ளே வந்து நுனிவரை போய்ச் சேர வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வரத்து குறைந்தால் கடைசி வீட்டுக்குத்தானே முதலில் நிற்கும், அதே கதைதான். போதாததற்கு, தலைத்தோல் மற்ற இடத்துத் தோல் மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது. அதனடியில் கேலியா என்று கெட்டியான ஓர் உறை இருக்கிறது. அதன் உட்பக்கத்தில் சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கோடு கிழித்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம் கிடைக்கும், ஆனால் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் உறைக்கு நேர்மேலே ஓடும் ரத்தக்குழாய் அறுந்துவிடும். இழுத்துத் தைத்தால் நுனி மூச்சுத்திணறும், இழுக்காவிட்டால் ரணம் மூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா சர்ஜனும் நிற்கிறோம். அப்பா சிகரெட் பிடிப்பவரா, சர்க்கரை இருக்கிறதா, அதே இடத்தில் முன்பு ரேடியேஷன் கொடுத்தார்களா? இதில் ஒன்று இருந்தாலும் நுனிக்கு ஆபத்து கூடும்.

இனி என்ன செய்வது? கறுத்த இடம் காய்ந்து, நாற்றமில்லாமல், சீழில்லாமல் இருந்தால் பெரும்பாலும் தொடாமல் விடுவோம். உயிருள்ள தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவில் தெளிவாக ஒரு கோடு விழுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். பல நேரங்களில் மேல்தோல் மட்டும்தான் போயிருக்கும், பொருக்கு உதிரும்போது அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரியும். அவசரப்பட்டு வெட்டினால் பிழைக்க இருந்த தோலும் சேர்ந்து போய்விடும். தயவுசெய்து வீட்டில் யாரும் அதைப் பிய்க்க வேண்டாம்.

கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சர்ஜனிடம் கேளுங்கள். எலும்பை மூடிய சவ்வு அப்படியே இருந்தால் கவலை பாதி குறைந்தது, அதன்மேல் புதுச்சதை வளரும், தேவைப்பட்டால் மெல்லிய தோல் ஒட்டு வைத்து முடித்துவிடலாம். வெறும் எலும்போ, மண்டையோட்டில் பொருத்திய பிளேட்டோ இருந்தால் காத்திருக்க அவ்வளவு அவகாசம் கிடையாது. கறுப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, நாற்றம், சீழ், காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர் மாதிரித் தெளிவாக எதுவும் சொட்டினாலோ உடனே கிளம்புங்கள். அடுத்து ரேடியேஷன் கொடுப்பதாக இருந்தால் புற்றுநோய் மருத்துவரிடமும் இந்த நிலையைச் சொல்லிவிடுங்கள், ரணம் ஆறுவதற்கும் அந்தத் தேதிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்.

கேள்வி: தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது சுலபம் என்கிறார்களே. அப்புறம் எதற்கு இந்த மடல் வேலையெல்லாம்?

தோல் ஒட்டுக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. வைக்கிற இடம்தான் அதற்குச் சோறு போட வேண்டும், சவ்வு உரிந்த எலும்பால் அது முடியாது. மடல் தன் ரத்தத்தைத் தானே கொண்டு வருகிறது. மடலை நகர்த்தியதால் காலியாகும் இடத்திலும் சவ்வை விட்டுவைத்தால்தான் அங்கே ஒட்டு பிடிக்கும். ஒட்டு பிடித்தாலும் அங்கே முடி முளைக்காது, இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது பெரிய தப்பு என்பேன்.

கேள்வி: என் தம்பிக்கு விபத்தில் தலைத்தோல் பெருமளவு போய்விட்டது. முதுகுத் தசையை எடுத்துத் தலையில் வைத்து, ரத்தக்குழாயை மைக்ராஸ்கோப்பில் தைக்கப் போகிறார்களாம். 'மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம்' என்று கையெழுத்து வாங்கினார்கள். பயமாக இருக்கிறது.

அப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர்களை நம்புங்கள், அவர்கள் மறைக்காமல் பேசுகிறார்கள்.

வேறு இடத்துத் திசுவைத் தலைக்கு மாற்றி நுண்ணிய தையலில் ரத்தக்குழாயை இணைக்கும் முறை 1972-லேயே பதிவாகியிருக்கிறது, கைதேர்ந்த இடங்களில் இன்று நூறில் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் பிழைக்கின்றன. ஆனால் இணைத்த குழாய் மூன்று மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதில் ஒரு ரத்தக்கட்டி அடைத்தால் சில மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். அடைப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் வரும், அதனால்தான் நர்ஸ் ராத்திரியெல்லாம் மணிக்கொரு தரம் டார்ச்சோடு வந்து பார்ப்பார். தூக்கம் கெடுகிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் எதைப் பார்க்கிறார் தெரியுமா? நிறம், சூடு, அழுத்தினால் நிறம் திரும்பும் வேகம். தோலோடு சேர்ந்த மடலை விரல் நுனியால் லேசாக அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறம் வர வேண்டும். சில்லிட்டு, வெளிறி, நிறம் திரும்பாமலே கிடந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நாவல்பழ நிறத்தில் உப்பி, அழுத்தி எடுத்ததும் கண்சிமிட்டும் முன் நிறம் திரும்பினால் உள்ளே வந்த ரத்தம் வெளியே போகவில்லை. வேகமாகத் திரும்புவது நல்லதுதானே என்று இரண்டாவதில் பலர் ஏமாந்துபோவார்கள்.

பயிற்சிக் காலத்தில் ஒரு ராத்திரி இப்படி ஊதா நிறத்துக்குப் போன மடலைப் பார்த்துவிட்டு எனக்குக் கை நடுங்கியது. சீனியரைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் முதலில் நெற்றியைச் சுற்றியிருந்த கட்டைக் கத்தரித்தார், அப்புறம் இரண்டு தையலை எடுத்தார். உள்ளே தேங்கியிருந்த கறுப்பு ரத்தம் கெட்டியாக வழிந்து வந்தது. கால் மணி நேரத்தில் ஊதா மெல்ல வெளுத்துச் சிவந்ததை அந்தக் கட்டிலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லா மடலும் அப்படித் திரும்பாது, சிலருக்குத் தியேட்டரில் குழாயைத் திறந்து அடைப்பை எடுத்து மறுபடி தைக்க வேண்டும். சீக்கிரம் போனால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், அந்தக் கையெழுத்து இதற்காகத்தான்.

தம்பி சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாரும் பிடிக்கவும் கூடாது. மடல் இருக்கும் பக்கம் தலையணையில் அழுந்தக் கூடாது, மாஸ்க் நாடாவோ கண்ணாடிக் காம்போ குழாய் போகும் தடத்தில் பதியக் கூடாது.

கேள்வி: மடல் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் அதிலிருந்த முடியெல்லாம் கொட்டிவிட்டது, தொட்டாலும் உணர்ச்சி இல்லை. இப்படியே இருக்குமா?

ஆபரேஷன் அதிர்ச்சியில் கொட்டிய முடி என்றால் மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைக்க ஆரம்பிக்கும். தழும்புக் கோட்டிலும், கறுத்து ஆறிய இடத்திலும் வராது. ஒரு வருடம் பொறுத்திருங்கள். அதன் பிறகும் சொட்டை தெரிந்தால் தழும்பை வெட்டிக் குறுக்கலாம், அல்லது பக்கத்துத் தோலுக்கடியில் பலூன் வைத்து இரண்டு மூன்று மாதம் ஊதிப் பெருக்கி அந்த முடியுள்ள தோலால் மூடலாம். பலூனில் கிருமி தொற்றும் தொல்லையும் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

உணர்ச்சி ஓரத்திலிருந்து மெதுவாக ஊர்ந்து வரும், முழுசாக வராமலும் போகலாம். அதுவரை அங்கே ஹேர் டிரையர் வேண்டாம், சுடுநீரையும் நேராக ஊற்றாதீர்கள். தலை துவட்டும்போது 'என்ன இது கொப்புளம்' என்று வீட்டில் யாரோ சொல்லித்தான் சுட்டுக்கொண்டதே தெரிந்தது என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. வெயிலில் போகும்போது தளர்வான பருத்தித் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நெற்றியோரம் மடல் வைத்த பிறகு ஒரு பக்கப் புருவத்தை உயர்த்த முடியவில்லை.

புருவத்தை உயர்த்தும் தசையை இயக்கும் நரம்பு, கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள நெற்றிப்பொட்டுப் பகுதியில் தோலுக்குக் கொஞ்சம் அடியிலேயே ஓடுகிறது. இழுபட்டு அசந்துபோயிருந்தால் சில மாதத்தில் தானே திரும்பும், அறுந்திருந்தால் திரும்பாது. புற்றுநோயை முழுசாக எடுக்க அதை வெட்டியே ஆக வேண்டிய நிலையும் சில நேரம் வரும். உங்கள் ஆபரேஷன் குறிப்பில் எது என்று எழுதியிருப்பார்கள், கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியும் அப்படியே இருந்து, புருவம் சரிந்து பார்வையை மறைத்தால் அதை ஏற்றித் தைக்கச் சின்ன ஆபரேஷன் இருக்கிறது.