ஜிம்மி பௌச்சரும் அயர்லாந்து கிரிக்கெட்டும்: கேள்வி பதில்

கேள்வி: ஜிம்மி பௌச்சர் யார்?

பதில்: 1910இல் டப்ளினில் பிறந்து, அந்நகரின் ஃபீனிக்ஸ் கிளப்பில் ஆடிய ஆஃப் ஸ்பின்னர். 1929 முதல் 1954 வரை அயர்லாந்துக்காக 60 ஆட்டங்களில் 307 விக்கெட்டுகளைச் சாய்த்தவர். அவருடைய ஆற்றலை அறிய 1937 செப்டம்பரில் நியூசிலாந்து அணி டப்ளின் ராத்மைன்ஸ் மைதானத்தில் ஆடிய ஒரே நாள் போதும். முதலில் ஆடிய அயர்லாந்து 79 ஓட்டங்களில் சுருண்டது. பிறகு பௌச்சர் 13 ஓட்டங்களை மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகளை எடுக்க, நியூசிலாந்து 64க்கு அடங்கியது. அயர்லாந்து 15 ஓட்டங்கள் முன்னிலை பெற்றும் அது நிலைக்கவில்லை. நியூசிலாந்தின் பந்துவீச்சாளர் ஜாக் கௌவி வெறும் 3 ஓட்டங்களுக்கு 6 பேரை வெளியேற்றியதால், அயர்லாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ் 30இல் முடிந்தது. அன்றே நியூசிலாந்து 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

கேள்வி: அவர் ஏன் டெஸ்ட் ஆடவில்லை?

பதில்: அயர்லாந்துக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 2017இல்தான்.

கேள்வி: அயர்லாந்தில் கிரிக்கெட் ஏன் பரவலாக வேரூன்றவில்லை?

பதில்: அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் கிரிக்கெட்டை அந்நிய ஆட்டம் என்று கருதி, அதை ஆடவோ பார்க்கவோ கூடாதெனத் தன் உறுப்பினர்களுக்கு விதித்திருந்த தடை 1971 வரை நீடித்தது. இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் அயர்லாந்து அணியில் ஆடினாராமே?

பதில்: இல்லை. டப்ளின் பல்கலைக்கழக அணிக்காக, நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக 1925, 1926இல் இரண்டு முதல்தர ஆட்டங்கள் (பல நாள் நடக்கும் உயர்நிலை ஆட்டங்கள்) ஆடினார்.

கேள்வி: 1931, 1937, 1948 ஆண்டுகளில் பௌச்சர் பந்துவீச்சுச் சராசரியில் (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்கள்; குறைந்தால் நல்லது) முதலிடம் பெற்றார். அப்படியென்றால் இங்கிலாந்தின் எல்லாப் பந்துவீச்சாளர்களையும் விடச் சிறந்தவரா?

பதில்: சராசரியைத் தனியாகப் படிக்காதீர்கள். 1937இல் யார்க்ஷயரின் ஹெட்லி வெரிட்டி 200க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைக் குவித்தார்; பௌச்சருக்கோ ஆண்டுக்குச் சில முதல்தர ஆட்டங்களே கிடைத்தன.

கேள்வி: அப்படியானால் அந்த முதலிடங்கள் வெறும் தற்செயல்தானே?

பதில்: அதை நான் முழுமையாக மறுக்கிறேன். சில ஆட்டங்களின் சராசரி ஒருவரை உயர்த்திக் காட்டலாம். ஆனால் 25 ஆண்டுகள், 307 விக்கெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 15.26 ஓட்டங்கள் என்பது எந்தத் தற்செயலாலும் விளையாது. வாரம் முழுவதும் கவுண்டி ஆட்டம் (இங்கிலாந்தின் மாவட்ட அணிகளுக்கிடையிலான ஆட்டம்) ஆடிக் கை பழகும் வாய்ப்பே இல்லாத ஒருவர், சுற்றுப்பயணம் வந்த டெஸ்ட் அணி ஒன்றை 64க்குச் சுருட்டினார் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: பெக்கெட் பற்றி இன்னும் சொல்லுங்களேன்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நான்கு இன்னிங்ஸில் 35 ஓட்டங்கள். பௌச்சரைப் பற்றிக் கேளுங்கள்.